பால்காரருக்கு வைத்த இளக்கம்

அத்தியாயம் 17

"அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி வாசல்ல வை. வேணுங்கிறவன் எடுத்துட்டுப் போகட்டும்."

"வைக்கிறேன். நீ முதல்ல கத்தறதை நிறுத்து அக்கா. உள்ளே ஆள் உட்கார்ந்திருக்காரு."

"இருக்கட்டுமே. அவர் காலைப் பத்தித்தானே பேசறேன். இந்த லட்சணத்தைச் செஞ்சது யாருன்னு அவருக்கும் தெரியணும்."

"யாருன்னு சொல்றே?"

"நான் ஏன் சொல்லணும்? மெஷின் பக்கத்துல நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறது யாரோ, அவங்களைக் கேளு."

காலை எட்டே முக்கால். எதிர்க்கடை தையல்காரர் மிதிப்பதை நிறுத்திவிட்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். ஒரே ஊசியில் அவர் கால் மணி நேரமாக நூல் கோக்கிறார் என்றால், எதிர்ப்பட்டறையில் அக்காவும் தங்கையும் மோதிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெருவுக்கு அர்த்தம்.

பதினாறு வாரமாகக் கூட வருகிறவர்களுக்கு இந்த வீடு தெரியும். இன்றுதான் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு நாலு வரி.

கீழே பட்டறை, மேலே வீடு. பட்டறையில் செய்வது செயற்கைக் கால். அப்பா தொடங்கி வைத்தது. மூத்த மகள் அளவெடுக்கிறவள். தெருவில் அவள் பெயரே அளவுக்காரி. யாரைப் பார்த்தாலும் முதலில் முழங்காலைப் பார்ப்பாள், முகத்துக்கு அப்புறம்தான் வருவாள். வந்த மூன்று வரன்களை முழங்காலோடு திருப்பி அனுப்பியவள். இளையவள் படித்தது கம்ப்யூட்டர். ஃபோம் கட்டியைக் கால் அச்சாகக் கடைகிற மெஷின் ஒன்றை அப்பாவோடு ஆறு மாதம் சண்டை போட்டு வாங்க வைத்து, அதை ஓட்டும் புரோகிராமைத் தானே எழுதினாள். அந்த மெஷினைப் பொருத்த வந்த டெக்னீஷியன் வீட்டிலேயே பொருந்திவிட்டார். கல்யாணமாகி எட்டு மாதம். வீட்டோடு மாப்பிள்ளை. அளவுக்காரி இந்த எட்டு மாதமும் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. "அவரைச் சாப்பிடச் சொல்லு" என்று தங்கையிடம் சொல்வாள், அவர் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாலும்.

போன வாரம் விட்ட இடமும் ஞாபகம் இருக்கும். திங்கட்கிழமை நடுப்பகலில் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிய ஜோடி, பார்த்தது டாக்டரை அல்ல. வாடகைக்கு ஒரு வீடு. அந்தச் சங்கதி இன்னும் மாடிப்படி ஏறவில்லை.

இன்று வியாழன். உள்ளே உட்கார்ந்திருந்தவர் தபால்காரர்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு லாரிக்கு அடியில் முழங்காலுக்குக் கீழே இடது காலை விட்டுவிட்டு வந்தவர். அதன்பிறகு அலுவலகத்தில் உட்கார வைத்துக் கடிதம் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தார். ஆனால் மனுஷர் முப்பத்திரண்டு தெருவை நடந்தே வளர்த்தவர். நாற்காலி அவருக்குச் சிறை. திரும்பத் தெருவுக்குப் போக வேண்டுமானால் மருத்துவக் குழு முன்னால் நடந்து காட்ட வேண்டும். நாற்பது மீட்டர் வராந்தா, ஒரு மாடிப்படி ஏறி இறங்கல். இன்று மாலை நாலு மணிக்கு. இன்று தவறினால் நாற்காலியே நிரந்தரம் என்று எழுதிக் கையெழுத்தே போட்டுவிடுவார்கள்.

அவருக்குச் செய்த புதுக் கால் நடந்தால் "சளக், சளக்" என்றது.

"என் கால்தான், ஆனா என்னை விட்டு ரெண்டு அடி முன்னாடி போகுதும்மா," என்றார் அவர், இரண்டு கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நின்றபடி. "தபாலை அது கொடுத்துடும். நான் பின்னாலேயே வந்து கையெழுத்து வாங்கிக்கலாம்."

காலை உட்கார வைக்கும் கிண்ணம், பட்டறை வழக்கில் சாக்கெட், அவருக்கு லொடலொடவென்று இருந்தது.

"மூணு காலுறையை ஒண்ணுமேல ஒண்ணு போட்டு அனுப்பினா?" என்றார் அப்பா, வாசலில் நின்று.

"அந்த டாக்டருங்க காலுறையைக் கழட்டச் சொல்வாங்கப்பா. அப்புறம் இவருக்கும் மானம் போகும், நமக்கும் போகும்," என்றாள் அளவுக்காரி.

மெஷின் அறையிலிருந்து மாப்பிள்ளை வந்தார். கையில் ஃபோம் தூள். அளவுக்காரியின் முகத்தைப் பார்க்காமல், அவள் பிடித்திருந்த சாக்கெட்டைப் பார்த்துச் சொன்னார்: "நான்தான் கவனிச்சிருக்கணும். தப்பு என்னுதுதான்."

"கேட்டியா?" என்றாள் அளவுக்காரி தங்கையிடம். "அவரே சொல்றாரு."

இளையவளுக்குச் சுருக்கென்றது. தன் வீட்டுக்காரர் தப்பு செய்துவிட்டாரே என்று ஒரு கோபம், அதை இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று அதைவிடப் பெரிய கோபம். எதைக் கேட்டாலும் பதில் சொல்ல நாற்பது நாள் இழுத்தடிக்கிற மனிதர் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"எவ்வளவு தளர்வு?"

"மூணு மில்லிமீட்டர்."

"எங்கே? முன்பக்கமா, பின்பக்கமா?"

"சுத்திலும். மேலேருந்து கீழ் வரைக்கும். எங்கே வெச்சுப் பார்த்தாலும் மூணு."

இளையவள் அப்படியே நின்றாள். கை தப்பினால் ஒரு பக்கம் தப்பும். மெஷினின் முனை தேய்ந்திருந்தால் போகப் போகத் தப்பும். சுற்றிலும் ஒரே சீராக மூன்று என்றால் அது தப்பில்லை. யாரோ கேட்டு வாங்கியது.

மெஷின் அறைக்குள் போனாள். மாப்பிள்ளை பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாட்ச்மேனுக்கான அச்சு பாதி கடைந்திருந்தது. மேல் பாதி கால், கீழ்ப் பாதி இன்னும் வெறும் கட்டி. இந்தப் பட்டறையில் மெஷினை நிறுத்தும் வழக்கமே இல்லை. நிறுத்தினால் அதன் கையைத் திரும்பப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரமாகும். அதனால் "ஓடறதை நிறுத்தாதே" என்பது அப்பாவின் சட்டம். கடைசியாகக் கரண்ட் போய் நின்றதிலிருந்து அஞ்சு மாதமாக மெஷினும் ஓடுகிறது, பக்கத்தில் புரோகிராமும் ஓடுகிறது. ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து, ஒரு வரி தட்டி, ஒட்டவைத்துவிட்டுப் போவார்கள். ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறுவது மாதிரி. ஏறத் தெரிந்தவர்களுக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு.

அந்தக் கறுப்பு ஜன்னலில் இளையவள் கேட்டாள். தபால்காரரின் அச்சே, உனக்கு இளக்கம் உண்டா?

மூன்று, என்றது.

உன் சொந்தமாக உன்னிடம் என்னென்ன இருக்கிறது, பட்டியல் போடு.

உயரம், சுற்றளவுகள், முழங்கால் கோணம், தேதி. இளக்கம் என்ற பேச்சே இல்லை.

சொந்தமாக இல்லாத ஒன்றை உண்டு என்று சொல்கிறது. அப்படியானால் மேலே இருந்து வாங்கியிருக்கிறது. எல்லா அச்சுக்கும் தாய் வீடாக அவள் எழுதி வைத்த பொது மாதிரியை, புரோகிராம் பாஷையில் கிளாஸை, கேட்டாள். அங்கே உட்கார்ந்திருந்தது மூன்று, நடுக்கூடத்தில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு.

"யார் வெச்சது?"

"பார்க்க வேண்டாம்னு நினைச்சேன்," என்றார் மாப்பிள்ளை.

அவள் பார்த்தாள். தட்டிய வரிகளெல்லாம் தேதியோடு பதிவாகியிருந்தன. திங்கட்கிழமை, பதினொன்று பத்து. அந்த நேரத்தில் மாப்பிள்ளை ஃபோம் கட்டி வாங்கப் போயிருந்தார். நாற்காலியில் இருந்தது அவள்.

எல்லாம் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை பால்காரர் நாள். அவருக்கு மதியத்துக்கு மேல் கால் வீங்கும். மூன்று மில்லிமீட்டர் இளக்கம் விட்டால்தான் சாயங்காலக் கறவைக்கு நிற்க முடியும். அவருக்கு ஒத்திகை அச்சு நாலு போட வேண்டியிருந்தது. நாலு அச்சிலும் தனித்தனியாக இளக்கத்தை ஒட்டுவானேன், இன்று முழுக்க அவர் அச்சுதானே என்று கிளாஸிலேயே ஒரு தடவை ஒட்டிவிட்டாள். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். ஒட்டினாள். பன்னிரண்டு மணிக்கு வீடு பார்க்கக் கிளம்பினாள். அவள் போனபிறகு அப்பா, மெஷின் சும்மா நிற்பதாவது என்று, வரிசையில் காத்திருந்த தபால்காரரின் அச்சைத் தூக்கி முன்னால் போட்டுப் பச்சைப் பட்டனை அழுத்தியிருக்கிறார்.

"நீங்க எப்போ பார்த்தீங்க?"

"இப்பத்தான். அக்கா கத்த ஆரம்பிச்சதும் வந்து கேட்டுப் பார்த்தேன்."

"பார்த்துட்டு, நான்தான்னு போய் நின்னீங்களா?"

"என்னைத் திட்டறது அவங்களுக்குப் பழக்கம். எனக்கும் பழக்கம். நீன்னு தெரிஞ்சா திங்கட்கிழமை எங்கே போனேன்னு கேப்பாங்க. வீட்டு விஷயம் வெளியே வரும். இன்னிக்கு அது வேணுமா? விடு."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றன.

"முதல்ல கால்," என்றாள் இளையவள். "அப்புறம் பேச்சு."

கறுப்பு ஜன்னலில் ஒரு வரி தட்டி, கிளாஸில் ஒட்டியதைப் பிய்த்தாள். பால்காரரின் அச்சில் மட்டும், அவருக்கே சொந்தமாக, அதே மூன்றை எழுதினாள். தபால்காரரைத் திரும்பக் கேட்டாள். உனக்கு இளக்கம் உண்டா? அப்படி எதுவும் என்னிடம் இல்லை என்று இந்தத் தடவை நேர்மையாகச் சொன்னது.

நல்ல காரியம்தான். ஆனால் மெஷின் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. புரோகிராம் ஒவ்வொரு அடுக்கைக் கடையும்போதும் இளக்கம் உண்டா என்று கேட்டுக் கேட்டுக் கடைகிற ஜாதி. வாட்ச்மேனின் மேல் பாதிக்கு உண்டு என்று பதில் வந்திருந்தது. கீழ்ப் பாதிக்கு இல்லை என்றது. எப்படியும் தூக்கிப் போட வேண்டிய அச்சு என்று இளையவள் அதைப் பொருட்படுத்தவில்லை. அப்பா பொருட்படுத்தினார். பத்து நிமிடம் கழித்து மெஷின் மணியடித்ததும் முதலில் போய் அச்சைக் கையில் எடுத்தவர் அவர்தான்.

"இது என்ன?" என்று அதைக் கூடத்துக்குத் தூக்கி வந்தார். அச்சின் நடுவே, இடுப்பில் பெல்ட் கட்டியது போல, வட்டமாக ஒரு படி. "மனுஷன் கால்ல படிக்கட்டு வெச்சிருக்கு. முப்பது வருஷத்துல நான் இப்படி ஒரு காலைப் பார்த்ததில்ல."

அளவுக்காரி அச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையை அல்ல, அவருக்குப் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்தாள். "ஒண்ணு ஒத்துக்கிட்டாச்சு. அடுத்ததையும் ஒத்துக்கச் சொல்லு."

"சரி, இதுவும்..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் இளையவள். "அக்கா, ரெண்டும் நான் செஞ்சது. முதல்ல செஞ்சப்போ இவர் கடையிலகூட இல்ல."

தையல்காரர் இன்னொரு ஊசியை எடுத்தார்.

"நீயா?"

"நான்தான். பால்காரருக்கு மட்டும் வெக்க வேண்டியதை வீட்டு மேலேயே வெச்சுட்டேன்."

"தமிழ்ல சொல்லு."

"அச்சுன்னு பொதுவா ஒரு கிளாஸ் எழுதி வெச்சிருக்கேன். ஒவ்வொருத்தர் அச்சும் அதிலேருந்து பிறக்கிற பிள்ளை. ஒரு பிள்ளைக்கு மட்டும் ஒண்ணு வேணும்னா, அந்தப் பிள்ளை கையில கொடுக்கணும். நான் தாய்கிட்ட கொடுத்துட்டுப் போயிட்டேன். அப்புறம் புரோகிராம் வந்து இவரைக் கேட்டிருக்கு, உன்கிட்ட இளக்கம் உண்டான்னு. இவர் கையில இல்ல. ஆனா இல்லேன்னு சொல்றதுக்கு முன்னாடி அது தாயைப் போய்க் கேக்கும். அங்கே இருந்தா, எனக்கும் உண்டுன்னு சொல்லிடும்."

அளவுக்காரி அச்சை அப்பாவின் கையில் திருப்பிக் கொடுத்தாள். "அம்மா பீரோவுல புடவை இருந்தா, என்கிட்ட புடவை இருக்குன்னு சொல்ற மாதிரி."

"அதேதான்."

"அப்போ திங்கட்கிழமையிலிருந்து கடைஞ்சது எல்லாமே பால்காரர் புடவையா?"

"நாலு பேரோடது. இவர், வாட்ச்மேன், இன்னும் ரெண்டு. அந்த ரெண்டும் அலமாரியில அச்சாத்தான் இருக்கு, சாக்கெட் போடல. நல்லவேளை."

"பொழுது விடிஞ்சு பொழுது போனா அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டியே," என்றார் அப்பா. "வெச்சதை எடுக்காம எங்கே போனே? அன்னிக்குக் கண் டாக்டர்..."

அவரே நிறுத்திவிட்டார். மகளின் முகத்தைப் பார்த்தார்.

"கண் டாக்டர் இல்லப்பா. வீடு பார்க்கப் போனோம். வாடகைக்கு."

மாப்பிள்ளை தரையில் ஏதோ தேடினார். அப்பா அச்சை மேஜை மேல் வைத்தார். அது படியில் தடுக்கிச் சாய்ந்தது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து தபால்காரரின் குரல் வந்தது. "எந்தத் தெரும்மா? தெருவைச் சொன்னா தண்ணி வருமா வராதான்னு நான் சொல்லிடுவேன்."

அளவுக்காரிக்குத்தான் முதலில் சிரிப்பில் உதடு துடித்தது. அதை அடக்கிக்கொண்டு அளவு நாடாவை எடுத்தாள். "மணி பத்தாகப் போகுது. வீட்டுக் கதையைச் சாயங்காலம் பேசலாம். கட்டியை ஏத்து. அவருக்குப் புதுசா அளவெடுக்கிறேன்."

பதினொன்றுக்கெல்லாம் தபால்காரரின் அச்சு கடைந்து வந்தது. அளவுக்காரி தடிமன் அளக்கும் காலிப்பரை வைத்துப் பன்னிரண்டு இடத்தில் பார்த்தாள். பன்னிரண்டிலும் அவள் எழுதிய எண்.

அடுத்தது தகடு. சூடான பிளாஸ்டிக் தகட்டை அடுப்பிலிருந்து எடுத்து அச்சின் மேல் போர்த்த நாலு கை வேண்டும். நாற்பது விநாடிக்குள் இழுத்துப் போர்த்தி, அடியில் சேர்த்து ஒட்டிவிட வேண்டும், இல்லையென்றால் சுருங்கிவிடும். வழக்கமாக அளவுக்காரியோடு அப்பா நிற்பார். அப்பா மாடிக்குப் போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துவிட்டார். வீட்டைக் காலி செய்யப் போகிற மகளுக்கு அவர் கொடுத்த தண்டனை அது.

மாப்பிள்ளை கையுறையை மாட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

அளவுக்காரி தங்கையைத் தேடினாள், அவரிடம் சொல்லச் சொல்ல. தங்கை மெஷின் அறையில் இருந்தாள். அடுப்பு மணியடித்தது. தகடு கண்ணாடி போலத் தொய்ந்து நின்றது. அதற்குமேல் ஆள் விட்டுச் சொல்ல அவகாசமில்லை.

"இழுங்க," என்றாள். "உங்க பக்கம் இன்னும் கொஞ்சம். விடாதீங்க. விடாதீங்கன்னு சொல்றேன் இல்ல. இப்ப விடுங்க."

எட்டு மாதத்தில் முதல் பேச்சு. பாதி திட்டுதான். இருந்தாலும் பேச்சு. கடைசியில் தகடு அச்சைக் கவ்விக்கொண்டதும், "கை சுட்டுதா?" என்றும் கேட்டாள். சுட்டது. இல்லை என்றார்.

இளையவள் மெஷின் அறையில் வேறொரு வேலையில் இறங்கியிருந்தாள். ஒரு இளக்கம் இப்படி நாலு நாள் தங்கியிருந்தால், இந்த அஞ்சு மாதத்தில் இன்னும் என்னென்ன தங்கியிருக்கும்? கிளாஸைத் துருவித் துருவிக் கேட்டாள். அவள் ஃபைலில் எழுதாத, ஓடும்போது ஒட்டியவை மட்டும் பதினொன்று வந்தன. ஏழுக்குக் காரணம் தெரிந்தது. நாலை யார், ஏன், யாருக்காக ஒட்டினார்கள் என்று அவளுக்கும் தெரியவில்லை, அவள் கணவருக்கும் தெரியவில்லை. விருந்துக்கு வந்து தங்கிவிட்ட உறவினர் மாதிரி நாலும் உட்கார்ந்திருந்தன. இவை எதுவும் ஃபைலில் இல்லை. ஓடும் நினைவில் மட்டுமே இருந்தன. கரண்ட் போனால் அந்த ஏழும் போகும். போகாவிட்டால் இந்த நாலும் இருக்கும்.

மாடிக்கு ஏறிப் போனாள்.

"அப்பா, மெஷினை நிறுத்தப் போறேன்."

சுவர் பேசியது. "கூடாது."

"தபால்காரர் அச்சு ஆயிடுச்சு. மத்த மூணையும் அப்புறம்தான் திரும்பக் கடையணும், இப்ப அவசரம் எதுவும் இல்ல. ஏழையும் ஃபைல்ல எழுதிட்டேன். நாலைத் தூக்கிப் போடறேன். நிறுத்திட்டுத் திரும்ப ஆரம்பிச்சாத்தான் சுத்தமாகும்."

"ஓடறதை நிறுத்தினா அப்புறம் ஓடாது. எங்கப்பா கடிகாரம் அப்படித்தான் நின்னுது."

"கடிகாரத்தை நான் எழுதல. இதை நான் எழுதினேன். ஓடும்."

"ஓடலேன்னா?"

"ஓடற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். அனுமதி கேட்க வரலப்பா. சொல்லிட்டுச் செய்யலாம்னு வந்தேன். திங்கட்கிழமை சொல்லாமப் போனதுக்குத்தான் இவ்வளவும்."

அப்பா திரும்பிப் பார்த்தார். அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள், மகள்கள் அப்படித்தான்.

பன்னிரண்டரைக்கு மெஷின் நின்றது. அஞ்சு மாதமாகச் சத்தத்துக்குப் பழகிய தெரு திடுக்கிட்டது. தையல்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். இளையவள் புரோகிராமில் ஒரு காவலும் போட்டாள். தனி ஆளின் அச்சில் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். அது அந்த ஆளோடு போகும். ஓடும்போது கிளாஸின் மேல் யாராவது கை வைத்தால், முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லும். மாப்பிள்ளை சோதனைக்கு ஒரு வரி தட்டினார். முடியாது என்றது. அவளையே தட்டச் சொன்னார். அவளுக்கும் முடியாது என்றது. அதில் அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஒன்றேகாலுக்கு மெஷினின் கை பூஜ்யத்தைத் தொட்டது. மாடிப்படியில் பாதியில் நின்றபடி அப்பா கேட்டார்.

"ஓடுதா?"

"ஓடுது."

"ஓடும்னு எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு மறுபடி மேலே போனார்.

இரண்டரைக்குச் சாக்கெட் ஆறி, விளிம்பு தேய்த்து, கீழ்க்கால் பொருத்தியாயிற்று. தபால்காரர் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு அடி. இன்னொரு அடி. சளக் சத்தம் இல்லை. கம்பியிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார்.

"எங்கேயாவது இடிக்குதா?" என்றாள் அளவுக்காரி.

"இடிக்கலம்மா. பிடிச்சிருக்கு." கொஞ்சம் பொறுத்து, "காலுக்கு என்னைப் பிடிச்சிருக்குன்னு சொல்றேன்" என்றார்.

நாலு மணி. மருத்துவக் குழுவின் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அக்காவும் தங்கையும் அதன் இரண்டு முனையிலும் உட்கார்ந்திருந்தார்கள். கதவில் இருந்த கண்ணாடிச் சதுரம் வழியாக உள்வராந்தா தெரிந்தது. மூன்று டாக்டர்கள். தபால்காரர் நடக்கத் தொடங்கினார். நாற்பது மீட்டர் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மிக நீளம்.

"வீடு எப்படி இருந்துது?" என்றாள் அளவுக்காரி, கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"ரெண்டு ரூம். சமையலறையில ஜன்னல் இல்ல."

"தண்ணி?"

"காலையில ஒரு மணி நேரம்."

"எடுத்துக்காதே."

"அக்கா, நாங்க உன்மேல கோபப்பட்டுப் போகல. அவருக்கும் ஒரு..."

"எனக்குத் தெரியும். எட்டு மாசமா ஒரு மனுஷன்கிட்ட பேசாம இருந்தவ நான். ஏன்னு எனக்கே சரியாத் தெரியல." உள்ளே தபால்காரர் வராந்தா முனையில் திரும்பினார். திரும்பும் இடத்தில் கால் கொஞ்சம் தயங்கியது. அளவுக்காரி எழுந்து நின்றுவிட்டாள். அவர் சமாளித்துக்கொண்டு நடந்தார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்: "போகப் போறது நீதான்னு யார் முடிவு பண்ணினது?"

"அப்படின்னா?"

"அப்படின்னா அப்படித்தான்."

"அக்கா, எங்கே போறே?"

"படி ஏறறாரு. பேசாதே."

தபால்காரர் ஏறினார். பதினெட்டுப் படி. இறங்கும்போது ஒரு படியில் நின்று மூச்சு வாங்கினார், மறுபடி இறங்கினார். டாக்டர்கள் தலைகளைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். மூவரில் இளையவர், கண்ணாடி போட்டவர், குனிந்து சாக்கெட்டின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"இதுக்கு அளவெடுத்தது யாரு?"

"நான்தான்," என்றாள் அளவுக்காரி. அன்று அவள் அந்த டாக்டரின் முழங்காலைப் பார்க்க மறந்துவிட்டாள் என்று தங்கை இன்றைக்கும் சொல்கிறாள்.

அடுத்த திங்கட்கிழமை காலையிலிருந்து தபால்காரர் முப்பத்திரண்டு தெருவுக்கும் திரும்ப நடக்கத் தொடங்கினார். முதல் நாள் பாதி வீடுகளில் அவரை உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டிலும் உட்காரவில்லை.

ஜன்னல் இல்லாத அந்தச் சமையலறை வேறு யாருக்கோ போயிற்று. இளையவளும் மாப்பிள்ளையும் மாடி அறையிலேயே தங்கிவிட்டார்கள். அப்பாவுக்கு வயதான காலத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சுவரோடு ஒரு மாப்பிள்ளையும் கிடைத்தார். வீட்டை விட்டுப் போனது அளவுக்காரி. மழைக்காலம் முடிவதற்குள், ஒரு பெட்டியும் தன் காலிப்பருமாக, வேறு ஊரில் இருக்கிற பெரிய கால் மையம் ஒன்றுக்கு வேலைக்குப் போனாள். அந்த வேலை எப்போது வந்தது, யார் சொல்லி வந்தது, அந்த வியாழக்கிழமைக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியுமா என்பதெல்லாம் தங்கைக்கு வெகுநாள் விளங்கவில்லை. மறு வருடம் அவளுக்கு அங்கேயே கல்யாணம் ஆயிற்று. பதிவாளர் அலுவலகத்தில், காலை பத்து மணிக்கு, அப்பாவும் தங்கையும் மாப்பிள்ளையும் மட்டும் போய் வந்தார்கள். வந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

யாரை என்பதில் தெருவில் இரண்டு கட்சி. கண்ணாடி போட்ட டாக்டர்தான் என்று தையல்காரர் சாதிக்கிறார். இல்லை, கால் மையத்தில் அவளிடம் அளவு கொடுக்க வந்த ஒருவர் என்று மற்றவர்கள். வீட்டாரைத் தவிர, சந்தேகமில்லாமல் தெரிந்தவர் தபால்காரர் ஒருவர்தான். அவள் பெயருக்குப் பட்டறை விலாசத்தில் வந்த கடிதங்களையெல்லாம் புது விலாசம் எழுதித் திருப்பிவிட்டவர் அவர். அந்தப் புது விலாசத்தில் அவள் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் உண்டு. தையல்காரர் ஒரு நாள் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, நயமாகக் கேட்டுப் பார்த்தார்.

தபால்காரர் தண்ணீரைக் குடித்தார், வாயைத் துடைத்தார். இன்னும் பத்தொன்பது தெரு பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார்.